சொட்டு நீலம்

துச்சாதனன் என் கேமராவின் பின்திரையை எட்டிப் பார்த்தார். செய்யாற்றுப் பக்கம் ஓர் ஊர். திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவில் அன்றைக்குத் துகில் உரியும் கூத்து. இரவு பதினொன்று தாண்டியிருந்தது. வேஷம் கட்டும் கொட்டகையில் பாய் விரித்துச் சம்மணமிட்டு, ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, மறு கையில் ஈர்க்குச்சி என்று ஒரு மணி நேரமாக முகம் எழுதிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் முடித்திருந்தார். நெற்றியிலிருந்து தாடை வரை சிவப்பு. அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு. என் படத்தில் அந்தச் சிவப்பு செங்கல்பொடி மாதிரி பழுப்பேறிக் கிடந்தது.

"இது நம்ம செவப்பு இல்லியே தம்பி" என்றார். குரலில் கோபமில்லை. அளவு தப்பிய சட்டையைத் தையல்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறவரின் குரல் அது.

"வீட்டுக்குப் போய்ச் சரி பண்ணிடுறேன் ஐயா" என்றேன். அன்று வாய்க்கு வந்த அந்தச் ‘சரி’யைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எது சரி? யாருடைய கண்ணுக்குச் சரி?

எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி துவைத்தால் கடைசி அலசலுக்குத் தனி வாளி. அதில் அம்மா சொட்டு நீலம் விடுவார். வேட்டி பழசாக ஆக மஞ்சள் ஏறும், எந்தச் சோப்புக்கும் அது போகாது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு நீலத்தை ஏற்றினால் மஞ்சள் அமுங்கி வெளுப்பு எழும்பும். எத்தனை சொட்டு என்று கணக்கு கிடையாது. வாளித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். ரேகை தெரிகிறதா, எப்படித் தெரிகிறது என்பதுதான் அவருடைய அளவு. கூடிப்போனால் வேட்டி திட்டுத் திட்டாக நிற்கும், அப்பா அதைக் கட்டிக்கொண்டு வாசல் தாண்டமாட்டார். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதும் நீலம் கலப்பது உண்டு. நாம் வெள்ளை என்று சொல்லிவருவதில் பெரும்பகுதி இப்படி நீலம் போட்டு வரவழைத்த வெள்ளை.

ஒயிட் பேலன்ஸ் என்பதும் இதே வேலைதான். கேமரா சென்சாரின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் சதுரங்கக் கட்டம்போலப் பதிந்திருக்கின்றன. பச்சைக்கு இரண்டு பங்கு, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு பங்கு. கோடாக்கில் வேலைபார்த்த பிரைஸ் பேயர் வகுத்த அடுக்கு இது. அதற்குக் காப்புரிமை கிடைத்த நாள் 1976 ஜூலை 20. ஒவ்வொரு கட்டமும் தன் நிறத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று ஓர் எண்ணை மட்டும் குறித்துவைக்கும். மஞ்சள் விளக்கின் கீழே சிவப்புக் கட்டங்கள் நிரம்பியிருக்கும், நீலக் கட்டங்கள் கோடைக் கிணறாக வற்றியிருக்கும். வெள்ளையான பொருளில் மூன்று எண்ணும் சமமாக நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு நீல எண்களை இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு எனப் பெருக்குகிறோம். வாளியில் நீலம் விழுகிறது. ஆனால் வற்றிய கிணற்றில் இறைத்தால் சேறும் சேர்ந்துதானே வரும்? நீலத்தைப் பெருக்கும்போது அதனோடு ஒட்டியிருந்த தாறுமாறான புள்ளிகளும் பெருகுகின்றன. இரவுப் படங்களின் நிழலில் மணல் தூவினதுபோல் நிற்கும் ‘நாய்ஸ்’ பலசமயம் இப்படி வந்து சேர்வதுதான்.

வெளிச்சத்தின் நிறத்துக்குக் கெல்வின் கணக்கு வந்தது கொல்லன் உலையைப்போல ஒன்றிலிருந்து. இரும்பு காயக் காயச் சிவந்து, மஞ்சளாகி, வெளுக்கும். ஒரு பொருளை அதற்கும் மேலே சூடாக்க முடிந்தால் நீலம் தட்டும். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின், குண்டு பல்பு 2700, நண்பகல் வெயில் 5500, வானம் மட்டும் வெளிச்சம் தரும் மரநிழல் 7000க்கு மேல். நம் வீடுகளில் எரிந்த டியூப் லைட்டுகளில் அநேகம் 6500. பேச்சில் நாம் மஞ்சளைத்தான் கதகதப்பு என்கிறோம், கணக்கிலோ அதுதான் குறைந்த சூடு. கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாவதைப் பார்த்துப் புதிதாகப் பழகுகிறவர்கள் திகைப்பார்கள். நாம் கேமராவுக்குச் சொல்வது ‘விளக்கு இவ்வளவு நீலம்’ என்று. அது அந்த நீலத்துக்கு ஈடாக மஞ்சளை ஊற்றுகிறது. இதைப் பிடித்துக்கொள்ள எனக்கு வெகுநாளானது.

இனி அந்தக் கொட்டகைக்குத் திரும்புகிறேன். நிறத்தைப் பற்றி அங்கே கற்றதைப்போல வேறெங்கும் நான் கற்கவில்லை.

அரிதாரம் என்ற சொல்லே ஒரு மஞ்சள் கல்லின் பெயர், ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த தாதுப்பொருள். அதை அரைத்துப் பூசிய காலம் போய், பூச்சு முழுவதுக்கும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. கூத்தின் நிறங்கள் தீவட்டி வெளிச்சத்தில் பழகியவை. ஆடுகிற சுடர், எண்ணெய்ப் புகை, சிவப்பு மிகுந்த வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் முகத்துச் சிவப்பு கொழுந்துவிடும், நீலமும் பச்சையும் இருண்டு பின்வாங்கும். அடுத்து பெட்ரோமாக்ஸ் வந்தது. என் தாத்தா தலைமுறையினர் அதைப் பற்றிப் பேசினால் ‘பட்டப்பகல்’ என்றுதான் சொல்வார்கள். அதன் வெளிச்சம் வெயிலைவிட மஞ்சள்தான், ஆனாலும் தீவட்டிக்குப் பழகிய கண்ணுக்கு அது பகல்.

அந்தப் பகல் எரிந்தது ஒரு வலைத்துணிப் பையில். ஆஸ்திரியரான கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் கண்ட மேண்டில், சில ஆண்டுகளில் தோரியமும் ஒரு சிட்டிகை சீரியமும் சேர்ந்த கலவையாகத் தேறியது. முதல் முறை கொளுத்தியதும் துணி எரிந்துபோய் வெறும் சாம்பல் கூடு தொங்கும். வெள்ளையாக ஒளிர்வது அந்தச் சாம்பல்தான், விரல் பட்டால் உதிர்ந்துவிடும். தோரியம் கிடைத்தது மோனசைட் மணலிலிருந்து. 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், நம் பக்கத்திலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதன் தடம் பிடித்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். ஐரோப்பியத் தெருக்களின் எரிவாயு விளக்குகளுக்கு வெள்ளை கொடுத்த தோரியத்தில் குமரிக் கடற்கரை மணலுக்கும் பங்கு உண்டு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எடுத்த பழைய படம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கறுத்த மணல் நினைவுக்கு வரும்.

நான் போன இரவில் நான்கு வெளிச்சங்கள். கொட்டகைக்குள் வேஷக்காரர்களின் தலைக்கு மேலே ஒரே ஒரு குண்டு பல்பு. ஆடுகளத்துக்கு இரண்டு எல்இடி ஃபோகஸ் லைட். பின்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சுக்குப் பின்னால் கம்பத்தில் கட்டிய டியூப் லைட். தெருமுனையில் மிச்சமிருந்த ஒரு சோடியம் விளக்கு. கோயில் கோபுரத்தின் சீரியல் செட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே படச்சட்டத்துக்குள் இவை நான்கும் விழும். ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்ற மூன்றும் கோணிக்கொள்ளும். டியூப் லைட்டின் கோளாறு மஞ்சள்–நீலத்தில் அடங்காது. அதில் பச்சை ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பச்சையைக் கேமரா விடாது. அதற்கென்று மெஜந்தா பக்கம் தள்ளும் இன்னொரு கோல் மென்பொருளில் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில் இதற்கே ஊதாச் சிவப்பு வடிகட்டிக் கண்ணாடியை லென்ஸில் மாட்டினார்கள்.

சோடியம் விளக்கின் கதை வேறு. பழைய வகையில் வெளிச்சமே ஏறக்குறைய ஒற்றை நிறம்தான், 589 நானோமீட்டரில் ஒரு மஞ்சள். அதன்கீழ் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒரே மண்ணிறம். இல்லாத நீலத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் வராது. நம் தெருக்களில் நின்ற அழுத்தம் கூடிய வகையில் மற்ற நிறங்களும் கொஞ்சம் உண்டு, அதுவும் 2000 கெல்வினை ஒட்டி நிற்பது. பல கேமராக்களில் கெல்வின் எண்ணே 2500இல் தொடங்குகிறது. அதாவது நம் தெருவின் இரவு, கேமரா செய்தவர்களின் அளவுகோலுக்கு வெளியே இருந்தது. 2015இல் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றும் தேசியத் திட்டம் தொடங்கிய பிறகு ஊர் ஊராக அந்த ஆரஞ்சு அவிந்துவருகிறது. மின்சாரம் மிச்சம், அதில் எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் நகரங்களில் வளர்ந்தவர்களுக்கு இரவின் நிறம் அதுதான். கடைசி பஸ்ஸுக்கு நின்ற நிறம், பரீட்சைக்குத் தெருவிளக்கில் படித்த நிறம். அக்காலப் படங்களை ஸ்கேன் செய்கிறவர்கள் ஒரு சொடுக்கில் ஆரஞ்சைத் துடைத்துச் சாம்பல் தார்ச்சாலையாக்கித் தருவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அவர்கள் துடைப்பது கறையை இல்லை, காலத்தை.

சரி, துடைக்காமல் விட்டால் உண்மையாகிவிடுமா? அதுவும் இல்லை. இங்கேதான் சிக்கல். குண்டு பல்பின் கீழ் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கொட்டகை மஞ்சளாகவே தெரியவில்லை. வேட்டி வெள்ளையாக இருந்தது, விபூதி வெள்ளையாக இருந்தது. கண்ணுக்குள்ளேயே ஒரு சொட்டு நீலம் விழுந்துவிடுகிறது. உடலியல் அறிஞர் ஃபான் கிரீஸ் 1902இல் சொன்ன விளக்கத்தின்படி, கண்ணின் மூவகை நிற உணரிகளும் தத்தம் கூர்மையைத் தனித்தனியே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. கேமரா மூன்று எண்களைப் பெருக்குவதும் அதே வாய்ப்பாடுதான். ஆனால் கண் முழுக்கப் பெருக்குவதில்லை. குண்டு பல்பைக் கண் பகலாக மாற்றிவிடாது. வேட்டி வெள்ளை என்று தெரியும், அதே நேரத்தில் வெளிச்சம் மஞ்சள் என்றும் தெரியும். இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்திருக்கக் கண்ணால் முடியும். ஒரு படத்தால் அது எளிதில் முடிவதில்லை. இரவுப் படத்தைத் திருத்த உட்காரும் ஒவ்வொரு முறையும் என்னைத் திணறடிப்பது இந்த இடம்தான்.

ஒன்றரை மணிக்குக் கால் நீட்டலாம் என்று களத்தைவிட்டு வயல் வரப்புக்குப் போனேன். வளர்பிறை. பத்து நிமிடத்தில் கண் பழகி நெல் நாற்று தெரிந்தது, ஆனால் பச்சையாக இல்லை, வெள்ளிச் சாம்பலாக. பதினெட்டாம் போர் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று பேசிக்கொண்டு போன இரு பெண்களில் ஒருவர் கட்டியிருந்தது கொட்டகை வாசலில் சிவப்பாகப் பார்த்த சேலை. வரப்பில் அது கறுப்பு. மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு முதலில் சாகும், நீலம் கடைசிவரை நிற்கும். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடியலில் பூக்களைப் பார்த்து இதைக் கண்டுகொண்டார். நிலவொளி வெயிலின் எதிரொளிதான், அதிலும் வெயிலைவிடச் சற்று மஞ்சளானது, 4100 கெல்வின் அளவு. கேமராவை முக்காலியில் வைத்து அரை நிமிடம் திறந்துவைத்தால் பகல் மாதிரிப் பச்சை வயலும் நீல வானமும் வரும், வானத்தில் நட்சத்திரம் மட்டும் கூடுதல். நிலவு நீலம் என்பது நம் கண் தருவது. சினிமாக்காரர்கள் இரவுக்கு நீலம் பூசுவதைப் பொய் என்பார்கள் சிலர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கருவி காணாத, கண் மட்டுமே கண்ட ஒன்றுக்கு அவர்கள் விசுவாசமாக இருக்கிறார்கள்.

கேமராவைத் ‘தானியங்கி’யில் விட்டால் அதற்குத் தெரிந்ததெல்லாம் சராசரி. மொத்தப் படமும் சேர்ந்து சாம்பலாக வர வேண்டும் என்பதுதான் அதன் பழைய நம்பிக்கை, பிற்கால நுணுக்கங்கள் எல்லாம் அதன்மேல் கட்டியவை. 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானம் பகலிலேயே ஆரஞ்சானபோது, மக்கள் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். பல போன்கள் அதைச் சாதாரண மேகமூட்டமாக்கிக் காட்டின. கண்ணெதிரே ஊர் எரிந்த நிறம், கையில் சாம்பல். வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் இறங்கியது 1976 ஜூலை 20, பேயரின் காப்புரிமை வந்த அதே நாள். மறுநாள் வெளியான முதல் வண்ணப்படத்தில் செவ்வாயின் வானம் நீலமாக இருந்தது. நிறங்களை ஒழுங்காக அளந்து பார்த்தபோதுதான் அது இளஞ்சிவப்பு என்று திருத்தினார்கள். பழகிய வானத்தைத் தேடும் கை போன இடம் அது. எனக்கு அதில் வியப்பில்லை, பரிவு உண்டு.

இதைவிட என்னை உறுத்துவது தோல். கோடாக் தன் அச்சுக்கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் பல்லாண்டு காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் நன்றாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம். கறுத்த முகங்களில் நுணுக்கம் தேறாததைப் பற்றி அந்த நிறுவனம் அக்கறைப்பட்டதில் மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்களின் குறைக்குப் பெரிய பங்கு இருந்ததை லோர்னா ராத் என்ற கனடிய ஆய்வாளர் பதிவுசெய்திருக்கிறார். மரத்துக்காக வந்த மாற்றத்தில் மனிதர்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது. அந்த அட்டை போய்விட்டாலும் அதன் பழக்கம் போகவில்லை. எல்இடி வெளிச்சத்தில் தானியங்கியாக எடுத்த கூத்துப் படங்களில் முன்வரிசையில் உட்கார்ந்த பாட்டிகளின் முகத்தைப் பாருங்கள். சாம்பல் பூத்திருக்கும். கறுப்புத் தோலுக்குள் ஒரு செம்மை ஓடுகிறது. வெற்றிலைக் காவி உதட்டில் தெரிவதற்கு முன்பே கன்னத்தில் தெரியும் செம்மை அது. மஞ்சளை முற்றாக அகற்றும்போது முதலில் வெளியேறுவது அதுதான். மாநிறம் என்று நாம் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிற அந்தப் பரப்புக்கு மென்பொருளில் ஒரு கோல் கிடையாது.

அந்த இரவின் படங்களோடு நான்கு நாள் உட்கார்ந்தேன். ரா கோப்பாக எடுத்திருந்ததால் எண்கள் பெருக்கப்படாமல் அப்படியே இருந்தன. முதலில் வெள்ளையைத் தேடினேன். வெள்ளை இதுதான் என்று மென்பொருளுக்குக் காட்டும் சொட்டியை வேட்டியில் சொடுக்கினால் படம் மஞ்சளுக்குச் சாய்ந்தது. சொட்டு நீலம் கேமராவையும் ஏமாற்றுகிறது. பாஞ்சாலி தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் சொடுக்கினேன். மொட்டின் காம்பில் பச்சை, விரிந்த இதழில் வாடலின் மஞ்சள். கடைசியில் உதவியது துச்சாதனனின் கிரீடம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லு பதித்தது. வண்ணப் பூச்சு தன் நிறத்தைக் கலந்து வெளிச்சத்தைத் திருப்பித் தரும். கண்ணாடியோ விளக்கை விளக்காகவே காட்டும். படத்தை 400 சதவீதம் பெரிதாக்கினேன். ஒரு சில்லில் குண்டு பல்பின் செம்மஞ்சள், அடுத்த சில்லில் ஃபோகஸ் லைட்டின் வெளிர்நீலம், காதோரச் சில்லில் ஊசிமுனையளவு சோடியம். அந்த இரவின் அத்தனை விளக்கும் ஒரு மனிதரின் நெற்றிக்கு மேலே எழுதியிருந்தது.

கொட்டகைப் படத்துக்குப் பல்பைக் காட்டிய சில்லை அளவாக வைத்துக்கொண்டேன். முழுக்கத் திருத்தினால் சிவப்பு சிவப்பாக வந்தது, கொட்டகை ஆஸ்பத்திரி ஆனது. பாய் வெளுத்தது, ஓலைக் கீற்று பிணமானது. கோலைப் பாதி வழி பின்னுக்கு இழுத்தேன். 2750இலிருந்து 3300 வரை ஐம்பது ஐம்பதாக ஏற்றி இறக்கி, முகத்தில் பழுப்பு விலகிச் சிவப்பு தலைகாட்டும் இடத்தில், ஆனால் பல்பு இன்னும் பல்பாகவே எரியும் இடத்தில் நிறுத்தினேன். விளக்கைக் கொல்லாமல் மனிதரை மீட்கும் அளவுக்கு மட்டும் நீலம். இதற்கு மேல் எனக்கு எந்த விதியும் தெரியாது. அம்மாவின் உள்ளங்கைத் தண்ணீர்தான். ஒன்று மட்டும் பிடிபட்டது. அவர் அந்தச் சிவப்பைக் குழைத்தது பகலில் இல்லை. அந்தப் பல்பின் கீழே, கைக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, தேங்காய் எண்ணெயில் குழைத்தார். வெயிலில் வைத்து அளந்தால் அது வேறொரு சிவப்பு. ‘நம்ம செவப்பு’ பிறந்தது அந்த 2700 கெல்வினில்.

அடுத்த ஆண்டு விழாவுக்குப் போனபோது பெரிய அளவில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம், வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. படத்தை வாங்கியவர் வெளியே வராமல் உள்ளே போய்ப் பல்புக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். பாதி முகம் எழுதியிருந்தது, மறு பாதி அவருடைய சொந்த நிறம். படத்தைக் கன்னத்தோரம் வைத்துக் கைக்கண்ணாடியில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

"செவப்பு வந்துடிச்சி" என்றார். நான் மூச்சு விட்டேன். அவர் படத்தைக் கீழே வைக்கவில்லை. பின்னால் கீற்றிடைவெளி வழியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முகவீணைக்காரரை ஈர்க்குச்சியால் தொட்டார். "இவுரு தோள்ல மட்டும் பச்ச அடிக்குதே தம்பி."

வாங்கிப் பார்த்தேன். டியூப் லைட்டின் பச்சை. நான்கு நாள் உட்கார்ந்தும் அந்தத் தோளை நான் பார்த்திருக்கவில்லை. அவர் ஈர்க்குச்சியை மறுபடி சிவப்பில் தோய்த்துக்கொண்டு, இடப்பக்கக் கன்னத்தை எழுத ஆரம்பித்தார்.